அன்று பின்னேரமே வீட்டுக்கு

சித்தியின் வீடு ஸ்ட்ரெதம் ஹை ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டுக் குசினி மேசையில் இருந்து வைத்தியசாலைக் கடிதம் ஒன்றை நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு வயது. சித்தியின் மகளுக்கு ஒன்பது. அவளுக்கு மாதக்கணக்கில் வயிற்று வலி, எடையும் கூடவில்லை. சீலியாக் நோயாக இருக்கலாம் என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. அதாவது, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய். நிச்சயப்படுத்த எண்டோஸ்கோபி செய்ய வேண்டும். காலை ஏழரைக்கு வரவேண்டும், மயக்க மருந்து கொடுப்பார்கள், வாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இறக்கிச் சிறுகுடலில் சின்னத் துணுக்குகள் எடுப்பார்கள், பின்னேரம் வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் கடைசி வரியில்தான் அம்மம்மா நிமிர்ந்தார்.

“தொண்டைக்குள்ளாலை வயிறு வரைக்கும் குழாய் விட்டிட்டுப் பின்னேரமே பிள்ளையை வீட்டை அனுப்புறாங்களோ? ஒரு இரவு எண்டாலும் வார்ட்டிலை வச்சுப் பாக்கேலாதே? எங்கடை பிள்ளை எண்டபடியாலோ?”

சித்தி பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டில் இல்லை, காசு இல்லை, அதனால் அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். இப்படி ஒரு கடிதத்தை நீங்களும் மொழிபெயர்த்திருப்பீர்கள். அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் தேடப் போன எனக்குக் கிடைத்தது ஒரு நீண்ட கதை. எண்டோஸ்கோபிக் குழாய் வருவதற்கு ஐம்பது வருடங்களுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது.

கதை லண்டனில் தொடங்கவில்லை, கிளாஸ்கோவில் தொடங்குகிறது. அங்கே ஜேம்ஸ் நிக்கோல் என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். பிள்ளைகள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அவருக்கு வேலை. ஏழைகளின் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், உள்ளே கட்டில்கள் போதாது. நிக்கோல் அந்த வெளிநோயாளர் பிரிவிலேயே சத்திரசிகிச்சை செய்தார். குடலிறக்கம், பிளந்த உதடு, காதுக்குப் பின்னால் எலும்பில் சீழ் என்று பலவகை. முடிந்ததும் கட்டுப்போட்டுத் தாயின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். 1909இல் பெல்ஃபாஸ்டில் நடந்த பிரித்தானிய மருத்துவச் சங்கக் கூட்டத்தில் அவர் கணக்குக் காட்டினார். பத்து வருடங்களில் 8,988 சத்திரசிகிச்சைகள். அவர்களில் ஏராளமானோர் மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள்.

கட்டில் இல்லாததால்தான் இப்படிச் செய்ய வேண்டி வந்தது என்று அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கைக்குழந்தையை வார்ட்டில் வைப்பதால் நன்மை குறைவு என்பதுதான் அவருடைய வாதம். தாயைப் பிரிந்த குழந்தை அழுது புரளும், தையல் அசையும். தாயிடம் இருந்தால் அமைதியாகக் கிடக்கும். அத்துடன் அந்தக் காலத்து வார்ட்டில் ஒரு பிள்ளையின் தொற்று அடுத்த பிள்ளைக்குத் தாவும். ஆனால் அவர் சும்மா அனுப்பிவிடவும் இல்லை. தாதிகள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பால் குடிக்கும் குழந்தைகள் தாயோடு தங்குவதற்கு வைத்தியசாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டையும் ஒழுங்கு செய்தார். அன்றே அனுப்புவது என்பது அவரைப் பொறுத்தவரை வேறொரு விதமான கவனிப்பு. கைகழுவி விடுவதாக அவர் அதை நினைக்கவில்லை.

மற்ற வைத்தியர்கள் பெரிதாக அசையவில்லை. வைத்தியசாலையின் பெருமையைக் கட்டில்களின் எண்ணிக்கையில் அளந்த காலம் அது.

லண்டன் என்ன செய்துகொண்டிருந்தது? 1949இல் லண்டன் வைத்தியசாலைகளில் பிள்ளைகளைப் பெற்றோர் எப்போது பார்க்கலாம் என்று ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கைஸ் வைத்தியசாலை: ஞாயிறு 2 முதல் 4 மணி வரை. செயின்ட் பார்த்தலோமியூஸ்: புதன் 2 முதல் 3.30 வரை. வெஸ்ட் லண்டன் வைத்தியசாலை: பார்க்கவே முடியாது. லண்டன் வைத்தியசாலையில் மூன்று வயதுக்குக் கீழ் என்றால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், கிட்டப் போக முடியாது. செயின்ட் தோமஸ்: முதல் மாதம் சந்திப்பு இல்லை, ஆனால் இரவு 7 முதல் 8 வரை வந்து, தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஸ்ட்ரெதம் பிள்ளைகள் பலர் இன்று போகும் எவலினா பிள்ளைகள் வைத்தியசாலை இருப்பது அதே செயின்ட் தோமஸ் வளவுக்குள்தான். இப்போது அங்கே பிள்ளையின் கட்டிலருகே பெற்றோர் இரவு தங்கலாம்.

அந்த விதிகளைப் போட்டவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. பெற்றோர் வந்தால் தொற்று வரும் என்று பயந்தார்கள். அம்மா போகும்போது பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்றும் கவனித்திருந்தார்கள். அந்த ‘அமைதி’ என்ன என்று கேட்டவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். 1951இல் அவர் ஒரு சாதாரணக் கமராவோடு சென்ட்ரல் மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்குப் போனார். லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமி தொப்புள் குடலிறக்கத்துக்காக அங்கே எட்டு நாள் தங்கினாள். நல்ல அடக்கமான பிள்ளை. அவள் கத்தவில்லை, முகம்தான் நாளுக்கு நாள் மூடிக்கொண்டு போகிறது. அழுகையை விழுங்கிவிட்டு மெதுவாக அம்மாவைக் கேட்கிறாள். அம்மா வரும்போது முகத்தைத் திருப்புகிறாள். 1952இல் அந்தப் படத்தை வைத்தியர்களுக்குப் போட்டுக் காட்டியபோது பலருக்குக் கோபம் வந்தது. இந்தப் பிள்ளை விதிவிலக்கு என்றார்கள்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நிக்கோல் நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்பே குடலிறக்கத்துக்குத் தைத்துவிட்டு அன்றே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். லாரா எட்டு நாள் தனியாகக் கிடந்தாள்.

1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும், சிறு பிள்ளையின் தாய் கூடவே தங்கட்டும், வீட்டிலிருந்து பார்க்க முடிந்தால் அனுமதிக்கவே வேண்டாம் என்று அது சொன்னது. அறிக்கை வந்தது, வார்ட்டுகள் மாறவில்லை. 1961இல் பாட்டர்சியில், அதாவது நம்மிடமிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போகக்கூடிய இடத்தில், சில தாய்மார் சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அறிக்கை சொன்னது உங்கள் வார்ட்டில் நடக்கிறதா என்று வைத்தியசாலைகளிடம் கேட்பதுதான் அவர்களின் வேலை. அந்த அமைப்பு வளர்ந்து நாடு முழுவதும் பரவியது. பிள்ளைகளின் ஒருநாள் சிகிச்சைக்கான தர விதிகளைச் சொன்ன 1991ஆம் ஆண்டு அறிக்கையின் பின்னாலும் அந்த அமைப்பு இருந்தது. பாட வேளையில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. தெற்கு லண்டன் அம்மாமாரின் வரலாறு பரீட்சைக்கு வராது போலும்.

இனிக் குழாய்க்கு வருவோம். அதிலும் நம்முடைய பக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு.

1868இல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற வைத்தியர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தார். வாள் போகும் வழியில் குழாயும் போகும் என்பது யோசனை. அதன் பிறகு எண்பது வருடங்களுக்கு மேல் வைத்தியர்கள் பயன்படுத்தியவை விறைப்பான அல்லது பாதி மட்டும் வளையும் குழாய்கள்தான். உணவுக்குழாயைக் கிழித்துவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது. 1951இல் செயின்ட் ஜோர்ஜ் வைத்தியசாலையின் வைத்தியர் ஹியூ கெய்ன்ஸ்பரோ ஒரு இரவு விருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டார். அப்போது அந்த வைத்தியசாலை ஹைட் பார்க் மூலையில் இருந்தது. இப்போது இருப்பது டூட்டிங்கில், நாம் 57 பஸ்ஸில் போகும் இடம். பக்கத்தில் இருந்தவர் ஹரல்ட் ஹொப்கின்ஸ், இம்பீரியல் கல்லூரியில் ஒளியியல் ஆய்வாளர், பெர்மொன்சியின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து புலமைப்பரிசிலில் படித்து வந்தவர். தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழைகள் ஆயிரக்கணக்கில் ஒழுங்காக அடுக்கப்பட்டால், வளைந்த பாதையிலும் படம் போகுமே என்று அவர் யோசித்தார். அவரோடு சேர்ந்து அதைச் செய்து காட்டியவர் பஞ்சாபிலிருந்து வந்த மாணவர் நரிந்தர் சிங் கபானி. 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் அவர்களின் கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் கருவியைச் செய்தவர் தென்னாபிரிக்காவில் பிறந்த பாசில் ஹர்ஷோவிட்ஸ். 1957இல் அவர் முதலில் தானே அதை விழுங்கிப் பார்த்தார். நோயாளிக்கு அதன் பிறகுதான்.

பிள்ளைகளுக்கு ஏற்ற மெல்லிய குழாய்கள் 1970களில் வந்தன. அதற்கு முன் சீலியாக் சந்தேகம் உள்ள பிள்ளைக்கு ஒரு சிறு உலோகக் குப்பியை நூல் போன்ற குழாயோடு விழுங்கவைத்து, அது சிறுகுடலுக்கு இறங்கும்வரை காத்திருந்து, எக்ஸ்ரேயில் பார்த்து, உறிஞ்சித் துணுக்கு எடுப்பார்கள். மணிக்கணக்கில் எடுக்கும், பலமுறை தோற்கும். இன்று அதே வேலைக்கு ஏறத்தாழ கால் மணி நேரம் போதும்.

ஆனால் அன்றே வீட்டுக்கு அனுப்புவதற்குக் குழாய் மெலிந்தது மட்டும் காரணம் இல்லை. மயக்க மருந்தும் மாறியது. பழைய மருந்துகளில் பிள்ளை மயக்கம் தெளிந்து, வாந்தி நின்று, சாப்பிடவே நீண்ட நேரம் ஆகும். 1986இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த புரோபோஃபோல் என்ற வெள்ளை மருந்தைக் கண்டுபிடித்தவர் இயன் கிளென் என்ற ஸ்கொட்லாந்து மிருக வைத்தியர். சீக்கிரம் தூங்கவைக்கும், ஊசியை நிறுத்தினால் சீக்கிரம் தெளியும். இப்போது எண்டோஸ்கோபிக்குப் போகும் பிள்ளை கண்டிருக்கும் அந்தப் ‘பால்’ இதுதான்.

அப்படியானால் அன்றே அனுப்புவது எப்போதும் பாதுகாப்பானதா? இல்லை. இந்த நாட்டிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பல வருடங்களாகப் பிரித்தானியாவில் தெருவோரப் பல் வைத்தியர் கதிரையிலேயே முழு மயக்கம் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு. பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சில பிள்ளைகள் அந்தக் கதிரையிலேயே இறந்தார்கள். மூச்சு நின்றால் உடனே மீட்பதற்கான ஆட்களோ தீவிர சிகிச்சை வசதியோ அங்கே இருக்கவில்லை. 2000இல் சுகாதாரத் திணைக்களம் அறிக்கை வெளியிட்டது. 2001 முடிவோடு இங்கிலாந்தில் பல் சிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுப்பது தீவிர சிகிச்சை வசதி உள்ள வைத்தியசாலைகளுக்குள் மட்டும் என்றானது. அதன் பிறகும் பிள்ளைகள் அன்றே வீட்டுக்குத்தான் போகிறார்கள். மாறியது மயக்கம் கொடுக்கும் இடம். இரவு எங்கே படுக்கிறாள் என்பதை விட, மயங்கிக் கிடக்கும் அந்த அரை மணி நேரம் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

எண்டோஸ்கோபிக்கும் அதே கதைதான். அமெரிக்காவில் 13 இடங்களில் 1999 முதல் 2003 வரை பிள்ளைகளுக்குச் செய்த 10,236 மேற்குழாய்ப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. உடனடிச் சிக்கல் வந்தது 100இல் 2.3 பேருக்கு. அதிலும் பெரும்பகுதி, 1.5 பேருக்கு, சிறிது நேரம் ஒட்சிசன் குறைந்தது. அது பெரும்பாலும் உடனே சரியானது. இரத்தக் கசிவு 0.3. முழு மயக்கம் கொடுத்தவர்களில் சிக்கல் 1.2 பேருக்கு, ஊசி மருந்தால் அரைத் தூக்கத்தில் வைத்தவர்களில் 3.7 பேருக்கு. மிகச் சிறிய பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே வேறு நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்துக் கூட. மயக்கம்தான் பயம் என்று நினைக்கும் நம் பெற்றோருக்கு இந்தக் கணக்கு ஆச்சரியமாக இருக்கும். பிரித்தானியாவில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான் கொடுக்கிறார்கள்.

வார்ட்டில் தங்கிய பிள்ளைகளுக்கும் அன்றே போன பிள்ளைகளுக்கும் யாருக்குச் சிக்கல் அதிகம் என்று கேட்டால், தங்கியவர்களுக்கு என்றுதான் வரும். அதை வைத்து வார்ட் ஆபத்து என்று சொல்லிவிடாதீர்கள். 57 பஸ்ஸில் வந்து டூட்டிங் பிராட்வேயில் இறங்கி நடந்து வருபவர்களை விட, அம்புலன்ஸில் வருபவர்களே வைத்தியசாலையில் அதிகம் இறக்கிறார்கள். அது அம்புலன்ஸின் பிழை இல்லை. வார்ட்டில் வைத்திருப்பதே நோய் கடுமையானவர்களைத்தான்: இரத்த வாந்தி எடுத்த பிள்ளை, ஈரல் நோயால் உணவுக்குழாயில் இரத்தநாளம் புடைத்த பிள்ளை, குறைமாதத்தில் பிறந்த சில மாதக் குழந்தை, இதய நோய் அல்லது தூக்கத்தில் மூச்சு நிற்கும் குறைபாடு உள்ளவர்கள், பொத்தான் பற்றரி விழுங்கியவர்கள். (அந்தப் பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் எரித்துவிடும். கடிதத்துக்கும் அப்பொயின்ட்மெண்டுக்கும் காத்திருக்கும் விடயம் இல்லை, 999தான்.) சித்தியின் மகள் இவர்களில் ஒருத்தி இல்லை. நடந்து வந்த பிள்ளை, துணுக்கு எடுப்பது மட்டும் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்யாமல் விட்ட எண்டோஸ்கோபியில் ஆபத்தே இல்லை. 2012இல் ஐரோப்பியப் பிள்ளை வைத்தியர்களின் சங்கம், இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பொருள் இயல்பை விடப் பத்து மடங்கு கூடினால், மேலும் சில நிபந்தனைகளோடு, குழாய் விடாமலே சீலியாக் என்று முடிவு செய்யலாம் என்றது. இவளுடைய அளவு அவ்வளவு உயரவில்லை. “இது கட்டாயம் வேண்டுமா?” என்று நாங்கள் கேட்டபோது வைத்தியர் சொன்ன பதில் அதுதான். அதை நீங்களும் கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், காசு கிடையாது. பதினாறு வயதில் எனக்கு அது தெரியாது. மயக்க மருந்துக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும் நேரத்தில் சித்திக்கும் வைத்தியருக்கும் நடுவில் நின்றது நான். நான் நின்றிருக்கக் கூடாத இடம் அது.

அம்மம்மாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஒரு நாள் அவரிடம் லாராவின் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. “தாயை விடாமல் எப்பிடிப் பிள்ளையை வச்சிருந்தவங்கள்?” 1970களில் என் மாமாவுக்குக் காய்ச்சல் முற்றி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அம்மம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். வீட்டிலிருந்து சாப்பாடு வரும், பக்கத்துக் கட்டில்காரிக்கும் சேர்த்து வரும். அவருக்கு வார்ட் என்றால் பிள்ளையோடு இருப்பது. ராபர்ட்சன் படம் பிடித்த வார்ட் என்றால் பிள்ளையை விட்டுவிட்டு வருவது. இரண்டும் ஒரே சொல். அன்றே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நிக்கோல் கேட்டதும், வார்ட்டில் வைத்துப் பாருங்கள் என்று அம்மம்மா கேட்டதும் ஒரே விடயத்தைத்தான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

பரிசோதனை நாளில் அவளைப் பின்னேரம் மூன்றரைக்கு விட்டார்கள். தொண்டை நோவு, குரல் கரகரப்பு, வேறு ஒன்றும் இல்லை. ஒரு பக்கக் கடதாசி தந்தார்கள்: காய்ச்சல், கடும் வயிற்று வலி அல்லது நெஞ்சு வலி, மூச்சுக் கஷ்டம், இரத்த வாந்தி, கறுத்த மலம், இவற்றில் ஏதாவது வந்தால் உடனே கூப்பிடுங்கள், இதுதான் இலக்கம். எல்லாம் ஆங்கிலத்தில். நிக்கோல் அனுப்பிய தாதி வீட்டுக்கு வந்து பார்த்தாள். எங்களுக்கு வந்தது இந்தக் கடதாசி. அன்று இரவு பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறவர் அம்மம்மா, அவருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. பஸ்ஸிலேயே கொப்பித் தாள் ஒன்றில் தமிழில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தேன்.

அம்மம்மா அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்தார். தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். பல மாதங்கள் அது அங்கேயே இருந்தது. ‘கறுத்த மலம்’ என்பதற்குக் கீழே மட்டும் பேனாவால் இரண்டு கோடு, டெலிபோன் இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம்.